வெட்டாமல் விடும் மரம்

கன்னடியன் கால்வாய் சேரன்மகாதேவியைத் தாண்டிப் பத்தமடைப் பக்கம் வரும்போது, கரையில் நிற்கும் தென்னைகளில் பல தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்திருக்கும். வெளிச்சம் அங்கேதான் தாராளம். அப்படிச் சாய்ந்த 20 மீட்டர் தென்னை ஒன்றைத் தூரில் அறுத்துத் தள்ளினால், தரையைத் தொடும் கணத்தில் அதன் கொண்டை மணிக்கு 70 முதல் 85 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். பள்ளிப் பாடத்து இயற்பியல் தரும் கணக்கு இது. அடி ஓரிடத்தில் நிற்க, நுனி வட்டமாகச் சுழன்று இறங்குகிறது. எடை முழுதும் கொண்டையில் இருப்பதாக வைத்துக்கொண்டால் 70. உடல் நெடுகச் சீராகப் பரவியிருப்பதாக வைத்தால் 85. தென்னை இரண்டுக்கும் நடுவில் வரும். காற்றின் தடை அதில் கொஞ்சம் கழிக்கும், அவ்வளவுதான்.

தாமிரபரணிக் கரையின் நீர்மருது இன்னொரு வகை ஆபத்து. 1 மீட்டர் விட்டமும் 10 மீட்டர் நீளமும் உள்ள அடிமரம் மட்டுமே, பச்சையாக இருக்கையில், ஏறக்குறைய 8 டன் இருக்கும். கொப்புகளின் எடை தனி.

இத்தனை எடையையும் வேகத்தையும் அடக்கி, நினைத்த திசையில் இறக்கி வைப்பது, அறுக்கிறவர் அறுக்காமல் விட்டுவைக்கும் சில சென்டிமீட்டர் மரம். சங்கிலி ரம்பத்தோடு மரம் சாய்க்கும் கலை முழுவதும் அந்தச் சிறு பாகத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. எதை அறுக்க வேண்டும் என்பதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். எதை விட வேண்டும், எவ்வளவு விட வேண்டும், எப்போது அதையும் விடுவிக்க வேண்டும் என்பதைக் கற்கத்தான் வருடங்கள் ஆகும்.

கோடாலி காலத்தில் மரமே அந்தப் பாடத்தை நடத்தியது. ஒரு பெரிய மரத்தை வெட்டிச் சாய்க்க அரை நாள், ஒரு நாள் என்று ஆகும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு ஆள் நிமிர்ந்து மூச்சு வாங்குவார், அண்ணாந்து பார்ப்பார், எங்கேயோ நரம்பு தெறிக்கும் சத்தம் காதில் விழும். திசை மாறுவது போல் தெரிந்தால் கயிற்றை மாற்றிக் கட்டுவதற்கு நேரம் இருந்தது. இன்றைக்கு ஒரு தென்னையின் தூரை மெஷின் ஒரு நிமிடத்துக்குள் அறுத்து முடித்துவிடுகிறது. அறுக்கும் ஆளின் கண், காது, அனுபவம் எல்லாம் பழையபடி இருக்க, தவறைத் திருத்திக்கொள்ளும் அவகாசம் மட்டும் காணாமல் போய்விட்டது. ஆகவே முன்பு வெட்டுகளுக்கு இடையில் நடந்த யோசனை முழுவதும் இப்போது இன்ஜினை இழுத்து ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

அந்த யோசனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மரத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது: எந்தப் பக்கம் சாய்வு, எந்தப் பக்கம் கொப்பு அதிகம், காய்ந்த கொப்பு ஏதாவது மேலே மாட்டிக்கொண்டு தொங்குகிறதா, மின்கம்பி எவ்வளவு தூரம். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேலையில் இல்லாத யாரும் நிற்கக் கூடாது. 20 மீட்டர் மரமென்றால் 40 மீட்டர். அடுத்தது ஓடும் வழி. மரம் எந்தத் திசையில் விழ வேண்டுமோ அதற்கு நேர் பின்னால் ஓடக் கூடாது; அடிமரம் எகிறினால் அந்தத் திசையில்தான் வரும். பின்பக்கமாக, இடத்திலோ வலத்திலோ 45 பாகை சாய்வாக ஒரு பாதையைக் கல், கொடி, வாழை மட்டை இல்லாமல் முன்கூட்டியே சுத்தம் செய்து வைக்க வேண்டும். மரம் அசையத் தொடங்கியதும் மெஷினைப் பிடித்தபடி வேடிக்கை பார்ப்பது பலருக்கும் கை வந்த பழக்கம். விலகி நடக்க வேண்டிய நேரம் அதுதான்.

பிறகுதான் வெட்டு. விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை எடுப்பது முன்வெட்டு. அதன் ஆழம் தூரின் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பின்வெட்டு முன்வெட்டைத் தொட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே அறுபடாமல் நிற்கும் பாகம்தான் கீல். 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு 5 சென்டிமீட்டர் கனத்தில், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை ஒரே கனமாக, இது அமைய வேண்டும். மரம் இந்தக் கீலின் மேல் மடங்கித்தான் இறங்குகிறது. ஒரு ஓரம் மெலிந்து இன்னொரு ஓரம் தடித்திருந்தால் மரம் தடித்த பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பும். முழுவதையும் அறுத்துவிட்டால் மரத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எந்தப் பக்கமும் போகும், அடியிலிருந்து வழுக்கி அறுத்தவர் மேலேயே இறங்கவும் செய்யும்.

முன்வெட்டின் வாய் எவ்வளவு அகலம் என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்கமான 45 பாகை வாய், மரம் பாதி சாயும்போதே மூடிக்கொள்ளும். வாய் மூடியதும் கீல் முறியும். மீதிப் பாதி தூரம் மரம் கட்டுப்பாடு இல்லாமல் விழும். 70 பாகைக்கு மேல் திறந்து வைத்தால், மரம் கிட்டத்தட்டத் தரையைத் தொடும் வரை கீல் பிடித்துக்கொண்டிருக்கும். சுவீடன் நாட்டு மரவெட்டிகள் வழியாகப் பல நாடுகளுக்குப் பரவிய முறை இது. அதிகமாகச் செலவாவது கொஞ்சம் மரத்தூள் மட்டுமே.

மரத்தின் இழைகள் நெடுக்காக இழுக்கும் விசையைத் தாங்கும் அளவுக்கு, பக்கவாட்டில் பிளக்கும் விசையைத் தாங்குவதில்லை. வித்தியாசம் இருபது மடங்குக்கும் மேல். பத்தமடையில் பாய் நெய்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆற்றுநீரில் ஊறிய கோரையை அவர்கள் சிறு கத்தியால் நெடுக்காகக் கிழித்து நூலிழை போல மெலிதாக்கிவிடுவார்கள். அதே இழையைக் கையால் இழுத்து அறுப்பது கஷ்டம். பட்டுப் பாயை மடித்துக் கைப்பையில் வைக்க முடிவதும், சாய்ந்த மரத்தை அறுக்கும் ஆள் உயிரை இழப்பதும் ஒரே இயற்பியலால்.

முன்பக்கம் பலமாகச் சாய்ந்திருக்கும் மரத்தில் பின்வெட்டு பாதிதான் போயிருக்கும். அதற்குள் மேலே உள்ள பாரம் மரத்தை முன்னால் வளைக்கும். வளைவு தாங்காமல் அடிமரம் அறுத்த இடத்திலிருந்து மேல் நோக்கி நெடுக்காகப் பிளக்கும். முன் பாதி தூரோடு நிற்க, பின் பாதி ஆள் உயரத்துக்கு மேலே எகிறிப் பின்னால் உதைக்கும். அறுத்துக்கொண்டிருப்பவர் நிற்பது சரியாக அங்கேதான். அமெரிக்க மரவெட்டிகள் ‘பார்பர் சேர்’ என்று பெயர் வைத்து அஞ்சும் விபத்து இது. நேரான இழை ஓடும் மரங்களில் அதிகம். வெட்டி வைத்த கட்டை தானாகவே முனையில் வெடிக்கும் அளவுக்கு உள்ளிறுக்கம் கொண்ட யூகலிப்டஸையும் இந்த வரிசையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

இதற்கு மாற்று உண்டு. பின்னாலிருந்து அறுத்துக்கொண்டு வராமல், ரம்பத்தின் நுனியை அடிமரத்தின் பக்கவாட்டில் செருகி மறுபக்கம் வரை துளைப்பார்கள். கீலுக்கு வேண்டிய கனத்தை முதலில் முடிவு செய்து விட்டுவிட்டு, அங்கிருந்து பின்பக்கமாக அறுத்து, கடைசியில் ஒரு சிறு பாகத்தை மட்டும் பின்புறப் பட்டையோடு சேர்த்து நிறுத்திவிடுவார்கள். இப்போது மரம் முன்னே கீலாலும் பின்னே அந்தச் சிறு பிடிப்பாலும் நிற்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. ஆள் நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம், மெஷினை நிறுத்திவிட்டுச் சத்தம் கொடுக்கலாம். பக்கவாட்டில் நின்று அந்தப் பின் பிடிப்பை வெளியிலிருந்து அறுத்ததும் மரம் ஒரே மூச்சில் கீலின் மேல் மடங்கிப் போய்விடும். பிளப்பதற்கு அதற்கு நேரமே கிடைப்பதில்லை. கோடாலி கொடுத்த அவகாசத்தை மெஷினிடமிருந்து திரும்பப் பெறும் வழி என்றே இதைச் சொல்லலாம்.

ஆனால் இந்தப் பாடங்களில் பெரும்பகுதி குளிர்நாட்டு மரங்களை வைத்து எழுதப்பட்டது. நெல்லைச் சீமையில் அடிக்கடி அறுபடும் தென்னையும் பனையும் உண்மையில் வேறு குடும்பம். இவை புல்லுக்கும் நெல்லுக்கும் உறவான ஒருவித்திலைத் தாவரங்கள். வருட வளையம் கிடையாது. அறுத்த தென்னையின் முகத்தைக் குனிந்து பார்த்தால் வெளிர் நிறத்தில் ஆயிரக்கணக்கான கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் தூர் முதல் கொண்டை வரை ஓடும் ஒரு நார்க்கற்றை. ஓரத்தில் அவை நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒன்றுக்கொன்று தள்ளி, இடையில் பஞ்சு போன்ற சதை. தூரின் வெளிப்பக்க மரம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கும் மேல் அடர்த்தி உள்ளது. நடுப்பகுதி அதில் பாதிகூடத் தேறாது. பனையில் இந்த வேறுபாடு இன்னும் கடுமை. அதனால்தான் பனங்கை, பனஞ்சட்டம் எல்லாம் வெளிப்புறக் கருமரத்திலிருந்து மட்டும் எடுக்கப்படுகின்றன.

இதன் விளைவு கீலில் தெரியும். தேக்கிலோ வேம்பிலோ கீலின் முழு நீளமும் பிடிக்கும். தென்னையில் இரண்டு ஓரங்கள்தான் பிடிக்கின்றன. நடுவில் இருப்பது பெயருக்கு. கற்றைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைக்கும் சதையும் பலவீனம் என்பதால், கீல் மடங்குவதற்குப் பதில் பட்டென்று முறிந்துவிடக்கூடும். ஆகவே தென்னையைக் கீலை மட்டும் நம்பிச் சாய்வுக்கு எதிர்த்திசையில் திருப்பப் பார்ப்பது சூதாட்டம். கீலைச் சற்றுத் தடிப்பாக விட வேண்டும். திசையைக் கயிற்றிடம் ஒப்படைக்க வேண்டும். தென்னை, பனை உடம்பில் நுண்ணிய மணல்சத்துத் துகள்கள் இருப்பதால் ரம்பப் பல்லும் சீக்கிரம் மழுங்கும். கூரான பல் சிலாம்பு சிலாம்பாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவு போல உதிர்க்கும். மாவு வரத் தொடங்கியதும் ஆள் மெஷினை அழுத்தத் தொடங்குவார். அழுத்தினால் கட்டுப்பாடு போகும். அரத்தை எடுத்துப் பத்து நிமிடம் பல் தீட்டுவதற்கு அதுவே நேரம்.

சாலையோர முதுமரங்களில் சிக்கல் வேறு. வெளியே பச்சையாக நின்றாலும் பழைய மருதும் புளியும் உள்ளே கூடாக இருக்கலாம். உள்ளே ஒன்றுமில்லாத மரத்தில் கீல் எங்கே வரும்? கோடாலியின் பின்புறத்தால் தட்டிப் பார்ப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. கெட்டி மரம் ‘ணங்’ என்று எதிர்க்கும், கூடு ‘டொம்’ என்று முழங்கும். அறுக்கும்போது வெளிவரும் தூள் திடீரென்று கறுத்து ஈரமாகவோ, பழுப்புப் பொடியாகவோ மாறினால் உள்ளே மக்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் நிறுத்தி, திட்டத்தையே மாற்ற வேண்டும்.

ஊருக்குள், ஓட்டு வீட்டுக்கும் மின்கம்பிக்கும் நடுவில் நிற்கும் தென்னையைத் தூரில் அறுக்கும் பேச்சுக்கே இடமில்லை. இங்கே தமிழ்நாட்டு மரமேறிகளின் கைமுறைதான் சரியான அறிவியல். மேலே ஏறி மட்டையையும் குலையையும் முதலில் கழிப்பது, பிறகு கொண்டையை எடுப்பது, உடலைத் துண்டு துண்டாக அறுத்து ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்குவது. விழும் உயரத்தையும் எடையையும் சிறு சிறு பங்காக்கிவிட்டால் வேகத்துக்கு வேலை இல்லை. மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே இது தொடங்க வேண்டும். பச்சை மட்டையும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும்.

கயிறு இழுப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 20 மீட்டர் மரத்தில் 15 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டுகிறார்கள். நாலு பேர் 15 மீட்டர் தள்ளி நின்று ‘ஏலேலோ’ போட்டு இழுக்கிறார்கள். மரம் சொன்னபடி கேட்கிறது, அவர்கள் தலை மேலேயே வருகிறது. இழுப்பவர்கள் மரத்தின் உயரத்தைத் தாண்டிய தூரத்தில் நிற்கும் அளவுக்குக் கயிறு நீளமாக இருக்க வேண்டும். அதைவிட நல்லது, விழும் திசையில் இன்னொரு மரத்தின் தூரில் கப்பி ஒன்றைக் கட்டி, கயிற்றை அதன் வழியாகத் திருப்பி, ஆட்கள் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று இழுப்பது. டிராக்டரில் கட்டி இழுக்கும் பழக்கமும் இருக்கிறது. கீல் சரியான கனத்துக்கு வருவதற்கு முன் டிராக்டர் வேகமாக இழுத்தால், நேராக நிற்கும் மரமும் சாய்ந்த மரத்தைப் போலவே பிளக்கும். கயிறு விறைப்பாக இருந்தால் போதும். இழுப்பு அறுப்புக்குப் பிறகுதான்.

கயிறு இல்லாத இடத்தில் ஆப்பு உதவும். 40 சென்டிமீட்டர் தூரும் 20 மீட்டர் உயரமும் உள்ள மரத்தில், பின்வெட்டில் ஆப்பு அடித்து 2.5 சென்டிமீட்டர் தூக்கினால், உச்சி ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். மர ஆப்போ பிளாஸ்டிக் ஆப்போ இருக்கலாம். இரும்பு கூடாது, சங்கிலி பட்டால் பல் தெறிக்கும்.

மெஷினுக்கு வருவோம். ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தையும், 1929-இல் பெட்ரோல் ரம்பத்தையும் கொண்டுவந்தார். இரண்டுமே இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியவை. சங்கிலிக்கு இன்றைய உருவம் தந்த யோசனை பிறந்தது 1946-இல். அமெரிக்காவின் ஒரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, கட்டையைக் குடைந்து சாப்பிடும் வண்டுப் புழு ஒன்று தாடைகளை இடமும் வலமும் அசைத்து மரத்தைச் செதுக்குவதைக் கண்டு, அதே மாதிரி இடப்பல், வலப்பல் மாறி மாறி வரும் சங்கிலியைச் செய்தார். இன்று கடையில் வாங்கும் சங்கிலியும் அந்தப் புழுவின் வழியைத்தான் பின்பற்றுகிறது.

முழு வேகத்தில் அந்தச் சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும். சங்கிலி ஓடும் தகட்டின் நுனியில், மேல் கால்பகுதிதான் மிகக் கொடிய இடம். அது மறைந்திருக்கும் ஒரு கொப்பையோ கட்டையையோ தொட்டால் பல் மாட்டி நிற்கும். சங்கிலியில் ஓடிய விசை முழுவதும் தகட்டை மேலே, பின்னே, முகத்தை நோக்கிச் சுழற்றும். இந்த உதறல் நடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். மனிதன் கண்ணால் கண்டு கையை அசைக்க அதைப் போல இரு மடங்கு நேரம் வேண்டும். ஆகவே சுதாரித்துக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கே இடமில்லை. 1970-களின் தொடக்கத்தில் வந்த சங்கிலி பிரேக் இதற்காகத்தான். முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் அந்தக் காப்பு, கை பட்டாலோ உதறலின் வேகத்தாலோ பின்னுக்குச் சாய்ந்து, 0.15 நொடிக்குள் சங்கிலியை நிறுத்திவிடும். உடைந்துபோன அந்தக் காப்பைக் கழற்றி எறிந்துவிட்ட மெஷினை யார் வாடகைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. முன்கைப்பிடியை இடது கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும்; தகட்டின் நேர்கோட்டில் தலை இருக்கக் கூடாது; தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. துளைக்கும்போதும் நுனியின் கீழ்ப் பாதியால்தான் தொடங்க வேண்டும்.

கைலியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு மெஷின் பிடிப்பது இங்கே சாதாரணக் காட்சி. தொழில்முறைக் காலுடை தடிமனால் காப்பதில்லை. மேல் துணி கிழிந்ததும் உள்ளே இருக்கும் நீண்ட செயற்கை நார்கள் சங்கிலியோடு இழுபட்டுப் பல்சக்கரத்தில் சுற்றி, அதைத் திணறடித்து நிறுத்திவிடும். நெல்லை வெயிலில் முழுக் காலுடை வேதனைதான். காலின் முன்பக்கத்தை மட்டும் மூடிப் பின்னால் வாரால் கட்டும் வகை இருக்கிறது; தரையில் நின்று அறுக்கிறவருக்கு அதாவது வேண்டும். காதடைப்பும் கட்டாயம். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதை அடைத்தவருக்குக் கூப்பிட்டால் கேட்காது என்பதால், கைச்சாடை முன்பே பேசி வைக்கப்பட வேண்டும்.

அமெரிக்காவில் 2022-இல் மரம் வெட்டும் தொழிலில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 100 பேர் வேலையில் இறந்தார்கள். எல்லாத் தொழில்களின் சராசரி 4-க்கும் கீழே. பயிற்சியும் கருவியும் உள்ள நாட்டின் நிலை இது. சுவீடனில் தொழிலாக ரம்பம் பிடிப்பவர் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் முடித்துச் சான்று பெற வேண்டும். நம் ஊரில் மெஷினை நாள் வாடகைக்கு எடுக்கப் பணம் மட்டும் இருந்தால் போதும். அறுக்கிறவர்களின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் திறமைக்கு மேல் கீல், பிளப்பு, உதறல் மூன்றையும் இரண்டு நாள் கற்றுக்கொடுக்கும் ஒரு வகுப்பு வட்டாரத்துக்கு வட்டாரம் நடக்காததுதான் குறை.

அந்த வகுப்பின் தேவை புயல்களில் பளிச்சென்று தெரிந்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையில் மரங்களைச் சாய்த்தது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி கன்னியாகுமரியின் ரப்பரையும் வாழையையும் வாரிக்கொண்டு போனது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளை ஒரே இரவில் படுக்க வைத்தது. அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: இழப்புக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. விழுந்த மரத்தை எடுப்பதே ஒரு பெரிய வேலை என்று அந்தக் கணக்கு ஒப்புக்கொண்டது.

விழுந்த மரம் பாதுகாப்பானது போல் தோன்றும். ஆனால் நிற்கும் மரத்தின் பாரம் ஒரே திசையில் இருக்கும், கண்ணுக்கும் தெரியும். ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் தென்னைகளிலோ ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக வளைந்து இறுகிக் கிடக்கிறது. இரண்டு முனையும் ஏதோ ஒன்றின் மேல் ஏறி நிற்க நடுப்பகுதி தொங்கினால், மேல்பக்கம் நெருக்கத்திலும் கீழ்ப்பக்கம் இழுப்பிலும் இருக்கும். மேலிருந்து முழுவதும் அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். கீழிருந்து தொடங்கினால் கட்டை பட்டென்று வெடித்துத் திறக்கும். மேலே விட்டத்தில் நாலில் ஒரு பங்கு மட்டும் அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மெதுவாக மேல் நோக்கி அறுத்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் இருந்தால் வரிசை தலைகீழாகும். வில்லாக வளைந்து கிடக்கும் இளமரத்தை ஒரே வெட்டில் அறுக்கவே கூடாது. உள்வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி இறுக்கத்தை இறக்க வேண்டும். ஆள் எப்போதும் மேட்டுப் பக்கத்தில், கட்டை உருளாத இடத்தில் நிற்க வேண்டும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் கடைசி ஆபத்து அடியில் இருக்கிறது. வேர்மண் ஒரு தட்டு போலச் செங்குத்தாக எழுந்து நிற்க, கீழே பெரிய குழி. அடிமரத்தின் பாரம்தான் அந்தத் தட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. தூருக்கு அருகே அறுத்ததும் பாரம் போய்விடும். பல டன் மண்ணும் வேரும் பழைய இடத்துக்கே சட்டென்று திரும்பிக் குழியை மூடும். குழிக்குள் இறங்கி வேரைத் தறிக்கும் ஆளோ, நிழலென்று அதில் உட்கார்ந்த பிள்ளையோ இருந்தால் தப்ப வழியில்லை. தூரிலிருந்து ஒட்டி அறுக்காமல் ஓர் ஆள் நீளமாவது கட்டையை விட்டு அறுத்தால், அந்தக் கட்டையின் எடை தட்டு திரும்பும் வேகத்தைத் தணிக்கும். தட்டை இரண்டு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, குழியைச் சுற்றி யாரும் இல்லை என்று பார்க்க ஒருவரைத் தனியாக நிறுத்திய பிறகே அந்த அறுப்பைத் தொடங்க வேண்டும்.